ஆலந்தொழுவுக்குப் பாத்தியப்பட்ட காட்சி

மனப்பதிவுகளைப் பதிவுத்துறைதான் கவனிக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கவில்லை. ஒருவர் தலையில் இருக்கும் காட்சியை எடுத்து இன்னொருவர் தலையில் வைக்கிற கருவி வந்த புதிதில், அதை எந்தத் துறையிடம் ஒப்படைப்பது என்று கேட்டு ஒரு கோப்பு மேலே போனது. கோப்பின் தலைப்பு 'மனப் பதிவு'. அதைப் பிரித்த எழுத்தர், தட்டச்சில் ஓர் ஐகாரம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்து, நல்ல மனசோடு 'மனைப் பதிவு' என்று திருத்தி, வீடு நிலம் பார்க்கிற துறைக்கு அனுப்பிவைத்தார். தப்பு தெரிய வந்தபோது ஊர் ஊராகச் சார்பதிவாளர் அலுவலகங்களில் நாற்காலியும் தலைச்சட்டியும் வந்து இறங்கியிருந்தன. இறக்கியதைத் திருப்பி ஏற்றுவதற்குத் தனியாக ஒரு கோப்பு போட வேண்டும். அதை யாரும் போடவில்லை.

அதனால் நிலத்துக்கு இருக்கிற சட்டமெல்லாம் நினைவுக்கும் வந்து சேர்ந்தது. ஒரு காட்சியைக் கைமாற்றும் முன் அதற்கு வில்லங்கம் பார்த்தார்கள். நான்கெல்லை எழுதினார்கள். தேனிலவுக்குக் கொடைக்கானல் போய்வந்த ஒருவர் தன் தம்பிக்கு எழுதிக்கொடுத்த காட்சியில் 'வடக்கே மூடுபனி, தெற்கே மனைவி' என்று இருந்ததாகச் சொல்வார்கள். விற்றவருக்கு விற்ற சொத்தில் உரிமை கிடையாது என்ற சட்டமும் அப்படியே வந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சட்டத்துக்கும் கருவிக்கும் தகராறு வரவில்லை. ஒரு தலையிலிருந்து எடுத்தால் அங்கே ஒன்றும் மிஞ்சாது என்பது கருவியின் பிறவிக்குணம்.

ஆலந்தொழுவு சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்று காலை வஞ்சிக்கொடி டீச்சர் இதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சூண்டு கூட மிச்சம் வெச்சுக்க முடியாதா இன்பா?"

சார்பதிவாளர் இன்பசேகரன் பள்ளிக்கூடத்தில் அவளிடம் புவியியல் படித்தவன். இப்போதும் அவள் எதிரில் நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நாத்து மாதிரிங்க டீச்சர். வேரோட புடுங்குனாத்தான் வயல்ல நட முடியும். நட்டுட்டா வயல் பூராப் பச்சை, ஊருக்கே சோறு. நாத்தங்கால் மட்டும் மொட்டை."

"ஒரு நகல் எடுத்துட்டு?"

"எடுத்துப் பாத்தாங்க டீச்சர். பாத்தோம்ங்கற தகவல் இருக்கும், பாத்த மாதிரி இருக்காது. சிட்டா நகல வாங்கி வெச்சுட்டு அதுல வெள்ளாமை பண்ண முடியுங்களா?"

முடியாது என்று அவளுக்கும் தெரியும். புறப்படும் முன்பே எல்லாம் தெரியும் என்று கையெழுத்துப் போட்டுத்தான் போனாள். எதைக் கொடுக்கப் போகிறோம் என்பது மட்டும் அப்போது தெரியாது.

விமானங்கள் நின்று ரொம்பக் காலம் ஆகியிருந்தது. ஆளுக்கு வருடத்துக்கு இவ்வளவு புகைதான் விடலாம் என்று புகைப்பங்கு அளந்து கொடுத்தார்கள். காரில் ஊட்டிக்குப் போனால் கழியும், ஏசி போட்டால் கழியும், மூச்சு விடுவதைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கழியும். பாய்க்கப்பலும் ரயிலுமாகப் போனால்கூடத் தூரதேசப் பயணம் என்பது தனி மனிதனுக்குக் கட்டுப்படியாகாத காரியம். ஒரு ஊரே பல வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பங்கு சேர்த்தால் ஒருவர் போகலாம். அவர் எல்லாருக்குமாகப் பார்ப்பார், வந்து ஒப்படைப்பார். அவருக்குப் பொதுப்பயணி என்று பெயர். பூமிக்கு இதைவிட ஒழுக்கமான பயணம் கிடையாது என்று அமைச்சர்கள் மேடைக்கு மேடை சொன்னார்கள். பொதுப்பயணிகள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குத்தான் பார்த்தது எதுவும் ஞாபகம் இல்லையே.

ஆலந்தொழுவுக்காரர்களும் அப்படித்தான் சேர்த்தார்கள். கல்யாணங்களில் ஜெனரேட்டர் வைக்கவில்லை. ஊட்டியை மறந்தார்கள். பழனிக்கு எப்படியும் நடந்துதான் போவார்கள் என்பதால் அது கணக்கில் வரவில்லை. கடைசியில் பங்கு தேறியபோது, எதைப் பார்த்துவரச் சொல்வது என்று சண்டை வந்தது. ஒரு கட்சி அருவி என்றது. இன்னொரு கட்சி பனிமலை என்றது. இளவட்டங்கள் கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்துவரச் சொன்னார்கள். பயணச் சங்கத் தலைவர் சென்னியப்பன் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவின் மூடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவர் மனைவி மயிலாத்தாள் பொத்தானும் நூல்கண்டும் போட்டு வைத்திருந்த டப்பா. மூடியில், ஆற்றங்கரையில் துணி காய்கிற ஒரு பிரெஞ்சுக்கார ஓவியம் அச்சாகியிருந்தது. பாதி உரிந்துபோயிருந்தது.

"இதோட நெசம் பாரீசுல ஒரு மியூசியத்துல இருக்குதாம். மயிலு கண்ணு நல்லா இருந்த காலத்துல, இதை ஒருக்கா நேர்ல பாக்கோணும்னு சொல்லீட்டே இருந்தா" என்றார் சென்னியப்பன். மயிலாத்தாளுக்கு அப்போது கண் நரம்பு முழுக்க வாடிவிட்டிருந்தது. "தலைக்குள்ள வெக்கறதுக்குக் கண்ணு எதுக்குங்க?" என்று அவர் கேட்டபோது, அருவிக்கட்சிக்காரர்களே முதலில் கையைத் தூக்கினார்கள்.

ஆள் யார் என்பதில் சண்டை இல்லை. வஞ்சிக்கொடி டீச்சருக்கு ஐம்பதை நெருங்கும் வயது, வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை, கண் ஆறுக்கு ஆறு. அதைவிட முக்கியம், பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறவள் என்ற பெயர். வகுப்பில் ஒரு மலையின் உயரத்தைக்கூட அவள் கூட்டிக் குறைத்துச் சொன்னதில்லை.

தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு புறப்பட்ட பாய்க்கப்பலில் போனாள். காற்று அடித்தால் கப்பல் போனது, அடிக்காவிட்டால் எல்லாரும் தாயம் ஆடினார்கள். வாந்தி எடுத்தாள், தேறினாள், திரும்ப எடுத்தாள். அப்புறம் ரயில். பாரீசில் இறங்கியதும் நேரே அருங்காட்சியகத்துக்குத்தான் போனாள். கோபுரத்தைப் பார்க்கலாமா என்று ஆசையாகத்தான் இருந்தது. ஊர்ப் பங்கில் அது இல்லை என்பதால் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

முதல் நாள் பெரிய ஏமாற்றம். ஊர்ச்சொத்து என்ற பொறுப்போடு மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். வெள்ளையும் நீலமுமாகத் தீற்றல்கள், நடுவே சம்பந்தமில்லாமல் கொஞ்சம் ஆரஞ்சு. பஸ் ஸ்டாண்டில் வெற்றிலை போடுகிறவர்கள் துப்பிய சுவர் இதைவிட ஒழுங்காக இருக்கும் என்று தோன்றியது. காவலாளி இருமினார். அவள் பின்னால் நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். நகர நகர, அந்தத் தீற்றல்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தது போல, அங்கே ஒரு ஆறு வந்துவிட்டது.

கரையில் கொடி கட்டித் துணி போட்டிருந்தார்கள். வெயில் அப்போதுதான் வந்திருந்தது. துணிகளின் நிழல் கறுப்பாக இல்லை, ஊதாவாக இருந்தது. நிழல் ஊதா என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, ஆனால் பார்த்ததும் ஆமாம் என்று தோன்றியது. துணிகள் இன்னும் காயவில்லை. வரைந்தவன் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, போர்கள் வந்து போயின, விமானங்கள் வந்து போயின, அந்தத் துணிகளில் மட்டும் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஆறு சேன் நதி. வஞ்சிக்கொடி இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்திய ஆறு. நீளம் எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், துணையாறுகள் மார்ன், உவாஸ், யோன், கடலில் சேருமிடத்தில் துறைமுகம். ஒரு வருடம்கூட அது ஈரமாக இருக்கும் என்று அவள் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. தன்னிடம் படித்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உலகத்தையே வற்றல் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தாள். அழுகை வந்தது. வெட்கத்தில் தொடங்கிய அழுகை, நடுவில் எங்கேயோ சந்தோஷமாகிவிட்டது. காவலாளி காகிதக் கைக்குட்டை கொடுத்தார். அவருக்கு இது பழக்கம் போலிருக்கிறது.

அதன்பிறகு ஊர் திரும்பும் நாள் வரை தினமும் கதவு திறக்கும்போது போய், மூடும்போது வந்தாள். காலை வெயில் சன்னல் வழியாக விழும்போது ஒரு ஆறு, மதியத்தில் வேறு ஆறு. இனி வகுப்பில் இந்தப் பாடத்தை எப்படி நடத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே தொடங்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுவரை தெரிந்துவிட்டது. கப்பலில் திரும்பும்போது அரபிக்கடலைப் பார்த்து அந்தப் பாடத்தைச் சத்தமாக நடத்தியே பார்த்தாள். பாதியில்தான் ஞாபகம் வந்தது, ஊர் போய்ச் சேர்ந்தால் இது தன்னிடம் இருக்காது என்று. இருபது வருடம் வற்றலை விற்றுவிட்டு, கையில் காய் கிடைத்தபோது கடையை மூடச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். 

ஆகவே வில்லங்கம் பார்க்கச் சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தபோது, அவள் உள்ளுக்குள் ஏதாவது ஒரு வில்லங்கம் வராதா என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

வில்லங்கம் பார்ப்பது என்றால் மேலோட்டமாக எட்டிப் பார்ப்பது. வேர் அசையாது. பார்க்கிறவருக்குக் காட்சி மட்டும் தெரியும், அதுவும் சாயங்காலத்துக்குள் மங்கிப் போய்விடும். இன்பசேகரன் அவளுக்கும் சென்னியப்பனுக்கும் தலைச்சட்டிகளைப் பொருத்தி, விசிறியின் சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று அதை நிறுத்தினான். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு நேரம் போவது தெரியாமல் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னுங்க டீச்சர், ஒரே கலங்கலா இருக்குது?"

"எதுங்க?" என்றாள்.

"படந்தானுங்க. கதவு நல்லாத் தெரியுது. காவல்காரரு மீசை மயிரு கூட எண்ணிப் போடலாம். படத்துகிட்டப் போனா எல்லாம் கரைஞ்சு போச்சு. டப்பா மூடில இதைவிடத் தெளிவா இருந்துச்சுங்களே."

இன்பசேகரனும் ஒருமுறை சட்டியை மாட்டிப் பார்த்தான். அவன் படித்த படிப்பில் ஓவியம் கிடையாது. மனையில் விரிசல் இருந்தால் கண்டுபிடிப்பான், எல்லைக்கல் நகர்ந்திருந்தால் கண்டுபிடிப்பான். இதையும் அப்படித்தான் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

"டீச்சர், நீங்க அழுதீங்களா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கண்ணுல தண்ணி நிக்கறது தெரியுதுங்க. அதான் கலங்கியிருக்குது. இப்படி இருந்தா பதிய முடியாதுங்க டீச்சர். வில்லங்கச் சொத்து இருக்கற எடத்துலயே இருந்துக்கும்னு சட்டம்."

இருக்கிற இடம் என்றால் அவள் தலை.  அழாத நாட்களின் காட்சியையும் எடுத்துப் பார் என்று அவள் சொல்லியிருக்கலாம். பின்னால் நகர்ந்த பிறகு பார் என்று சொல்லியிருக்கலாம். படமே அப்படித்தான் என்று இரண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம்.

"ஆமா இன்பா. அழுதுட்டேன். எம்மேலதான் தப்பு."

பொய் என்றும் சொல்ல முடியாது. அழுதது நிஜம். ஆனால் பொய் சொன்னால் காது சுடுமென்று பிள்ளைகளிடம் அவள் சொல்வது வழக்கம், அப்போது காது சுட்டது.

சென்னியப்பன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "போச்சாதுங்க டீச்சர், உடுங்க. கண்ணுன்னா தண்ணி வரத்தான் செய்யும். வேணும்னேவா பண்ணுனீங்க?" என்றார். அப்புறம் வாசல் பெஞ்சுப் பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அவகிட்டத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல. தலைக்குக் குளிச்சுட்டுப் புதுச்சீலை கட்டீட்டு வந்திருக்கறா" என்றார்.

மயிலாத்தாளுக்குக் கண்தான் போயிருந்தது. காது நாலு வீடு தாண்டிக் கேட்கும். பெஞ்சிலிருந்தே, "நானும் ஒருக்காப் பாக்கறேன்" என்றாள்.

"கலங்கலா இருக்குதுங்கம்மா" என்றான் இன்பசேகரன்.

"இருக்கட்டும் சாமி. நான் கடைசியாப் பாத்ததும் கலங்கல்தான்."

அவளைக் கைபிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சட்டியை மாட்டினார்கள். மயிலாத்தாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கை மெல்ல எழுந்து, முன்னால் எதையோ தொட்டுப் பார்ப்பது போல் காற்றில் நின்றது.

"ஆரு கலங்கல்னு சொன்னது?"

"நாந்தான்" என்றார் சென்னியப்பன்.

"நீங்க மூக்க வெச்சு மோந்து பாத்திருப்பீங்க. டீச்சர் அம்மிணி பின்னாடி நவுந்ததுக்கு அப்பறம் பாத்தீங்களா இல்லியா? கலங்கல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? மூணு வருசம் அதுக்குள்ளதான குடியிருந்தேன். கலங்கல்ல எல்லாம் ஒரே சாம்பலாப் போயிரும். இதுல பாருங்க, நீலத்துக்குப் பக்கத்துல ஆரஞ்சக் கொண்டாந்து வெச்சிருக்கறான். வேணும்னே வெச்சிருக்கறான். வெயில் ஏறுது பாருங்க." அவள் கை காற்றில் ஒரு கொடியைத் தடவிக்கொண்டு போனது. "துணி ஒண்ணு கூட இன்னும் காயல."

வஞ்சிக்கொடிக்குக் கோபம் வந்தது. ஒன்றும் தெரியாத கூட்டத்திடமிருந்து ஒளித்து வைத்துக்கொள்வதில் அவ்வளவு பாவமில்லை என்று இதுவரை மனதைத் தேற்றி வைத்திருந்தாள். இந்தக் கிழவி ஒரே பார்வையில் அவ்வளவையும் பார்த்துவிட்டாளே, கொஞ்சம் தப்பாகப் பார்த்திருக்கக் கூடாதா என்று எரிச்சலாக இருந்தது.

இன்பசேகரன் குழம்பிப்போய் டீச்சரைப் பார்த்தான். பரீட்சையில் இரண்டு விடைக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்போது எப்படிப் பார்ப்பானோ அதே பார்வை.

"டீச்சர், நீங்க சொல்றதைத்தான் எழுதோணும். கண்ணுல தண்ணி இருந்ததால கலங்குச்சா, இல்ல படமே அப்படியா?"

அவள் பதில் சொல்வதற்குள் மயிலாத்தாள் கேட்டாள். "இது பொழுது சாயறதுக்குள்ள போயிருமுங்களா?"

கரண்ட் எப்போது போகும் என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள். அதுதான் வஞ்சிக்கொடியால் தாங்க முடியாமல் போனது.

"படமே அப்படித்தான் இன்பா. வில்லங்கம் ஒண்ணும் இல்ல."

"அப்ப அழுதது?"

"அது வேற."

இன்பசேகரன் தயங்கினான். "டீச்சர், ஒண்ணு சொல்லீர்றேன். நெலத்த வித்தா மரமும் சேந்துதான் போகும். பாத்தப்ப மனசுல என்ன இருந்துச்சோ அதும் எல்லாருக்கும் போயிருமுங்க."

"போகட்டும்" என்றாள். "உனக்கும் வரட்டும்."

வழக்கமான வாசகத்தை அவளே சத்தமாகப் படிக்க வேண்டும். படித்தாள். "மேற்படி காட்சியை இன்று முதல் ஆலந்தொழுவு மக்களாகிய தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய்ப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இனி மேற்படி காட்சியில் எனக்கோ என் பின்வாரிசுகளுக்கோ யாதொரு உரிமையும் பின்தொடர்ச்சியும் கிடையாது." 'கிடையாது' என்ற இடத்தில் இன்பசேகரன் தலைகுனிந்துகொண்டான். அவள் கண்ணை மூடி, கடைசியாக ஒருமுறை அந்த ஆற்றங்கரைக்குப் போனாள். முடிந்தவரை நிதானமாகப் பார்த்தாள். வலது ஓரத்தில் கொடியிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்து கிடந்த ஒரு சின்னத் துணியை அப்போதுதான் கவனித்தாள். இத்தனை நாள் பார்த்தும் கண்ணில் படாமல் போயிருக்கிறது. இவ்வளவு கடைசியில் புதிதாக ஒன்று கிடைத்ததில் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

சட்டியைக் கழற்றினார்கள்.

"ஆரம்பிக்கலாமா இன்பா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுதுங்க டீச்சர்" என்றான் அவன்.

பயணம் அவளிடமே இருந்தது. ஊர் கேட்டது காட்சியைத்தான், வாந்தியை அல்ல. கப்பல் ஞாபகம் இருந்தது, தாயம் ஞாபகம் இருந்தது. அருங்காட்சியகத்துக்குள் போனது நினைவில் இருந்தது, வெளியே வந்ததும் இருந்தது. உள்ளே அத்தனை நாளும் என்ன செய்தாள் என்பதை ஊரைத்தான் கேட்க வேண்டும். ஓர் ஓவியத்தைப் பார்க்கப் போனோம், பார்த்தோம், நல்லபடியாக ஒப்படைத்தோம் என்று தகவலாகத் தெரியும். பொறுப்பை முடித்த நிம்மதியில் அன்று மதியம் நன்றாகத் தூங்கினாள்.

குடும்ப அட்டையில் பெயர் இருக்கிற எல்லாருக்கும் காட்சி போய்ச் சேர ஒரு வாரம் பிடித்தது. அதன்பிறகு ஆலந்தொழுவு ஒரு மாதிரியாகிவிட்டது. ஜனங்கள் எதையும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, இரண்டு எட்டுப் பின்னால் வந்து இன்னொரு தரம் பார்த்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை அப்படிப் பின்னால் நகர்ந்ததில் ஒரு சம்பந்தம் நின்றுபோனது. டீக்கடையில் நிழல் கறுப்பா ஊதாவா என்று கைகலப்பு நடந்தது. ஊதாக் கட்சி ஜெயித்தது. காலை வேளையில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்கள், போட்டுவிட்டுக் கீழே இறங்காமல் நின்றார்கள்.

மயிலாத்தாள் வாசலில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல், பல நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரும் அதையே பார்த்தார். இருவருக்கும் இப்போது ஒரே மாதிரி தெரிந்தது.

வஞ்சிக்கொடிக்குப் புரியாதது ஒன்றுதான். எல்லாரும் அவளிடம் ஒரு மாதிரி கனிவாகப் பேசினார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவளிடம் படித்து, பாதியில் நின்று, இப்போது பெரிய அதிகாரம் செய்துகொண்டிருக்கிற முரட்டு ஆட்கள் எல்லாம் அவளைக் கண்டதும் மூக்கை உறிஞ்சினார்கள். சந்தையில் கீரை விற்கிற கௌதமி, அவளிடம் பத்தாவது படித்தவள், காசு வாங்க மாட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், நீங்க எங்களுக்கு நடத்துனது எதுவுமே வத்தலாப் போகலீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"வத்தல் வேண்டாம் கண்ணு, வீட்டுல இருக்குது" என்று சொல்லிவிட்டு வஞ்சிக்கொடி கீரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் மனசு பொறுக்காமல் மயிலாத்தாள் வீட்டுக்குப் போனாள். தான் அங்கே அழுததாக ஊரில் பேச்சு இருக்கிறதே, நிஜமா என்று கேட்டாள்.

"நெசந்தான் அம்மிணி."

"எதுக்குங்க அழுதேன்?"

மயிலாத்தாள் வாயைத் திறந்தாள்.  "தெரியுது, சொல்ல வரமாட்டீங்குது" என்றாள். "சொன்னா வெறும் சொல்லாத்தான் இருக்கும். நீ இங்கியே கொஞ்சம் உக்காரு." வஞ்சிக்கொடி உட்கார்ந்தாள். மயிலாத்தாள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காப்பி வந்தது, குடித்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. வீடு திரும்பும்போது, வயசானால் எல்லாரும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு ஐரோப்பாவின் ஆறுகள். வஞ்சிக்கொடி டீச்சர் பலகையில் சேன் நதி என்று எழுதினாள். நீளம் எழுதினாள். துணையாறுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாள். கையெழுத்து எப்போதும் போல அழகாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பெஞ்சில் நிறைமதி எழுந்து நின்றாள். தயங்கித் தயங்கி, உடம்பு சரியில்லாதவர்களிடம் பேசுகிற குரலில் கேட்டாள்.

"டீச்சர், அது ஈரமா இருக்கும்னு போடலீங்களா?"

"ஆறுன்னா ஈரமாத்தான் இருக்கும். இதெல்லாம் பரீட்சைல கேக்க மாட்டாங்க. உக்காரு."

வழக்கமாக இப்படி ஒரு பதில் கிடைத்தால் வகுப்பே கொல்லென்று சிரிக்கும். இன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. நிறைமதி சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். கடைசி பெஞ்சில் யாரோ முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். தான் ஊரில் இல்லாத நேரத்தில் பிள்ளைகளுக்கு நல்ல ஒழுக்கம் வந்திருக்கிறது என்று வஞ்சிக்கொடிக்குத் திருப்தியாக இருந்தது. பலகைப் பக்கம் திரும்பி, துறைமுகத்தின் பெயரை எழுதி அடிக்கோடிட்டாள்.